அப்பா எழுந்து நின்ற காட்சி

தெருமுனையிலேயே "அடியே கொடி" என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு வரும் என் ஏழுமலை அண்ணாவுக்கு,

முதலில் உனக்குச் சேர வேண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பா உன் பெயரைச் சொல்லிவிட்டார். வீட்டில் இல்லை. மண்டபம் நிறைய ஜனம் உட்கார்ந்திருந்தபோது, எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன்னைத் தகனம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர் வாயில் உன் பெயர் வந்ததில்லை. கல்யாணம் காட்சிகளில் யாராவது "உங்க பையன் இருந்திருந்தா" என்று ஆரம்பித்தால், இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்துவிடுவார். ஏழுமலை என்ற பெயர் நம் ஊரில் வீதிக்கு நாலு பேருக்கு இருக்கிறது. பால்காரர் பெயரும் அதுதான். அப்பா அவரைப் "பால்காரரே" என்றுதான் கூப்பிடுவார். அம்மா உன் போட்டோவைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவர் வெளியே போனதும் எடுத்துப் பார்ப்பாள், செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே வைப்பாள். இத்தனை வருஷமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் நான் ஒரு நாடகம் எழுதினேன்.

நான் இப்போது பெரிய கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. நம் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாடகம் போடுகிறோம். சம்பத் சார் என்று ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அவர்தான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், எங்களை நம்பிக் கொடுப்பார்கள். "இந்த தடவை ஒரு காமெடி எழுதுமா, ஜனங்க சிரிச்சு நாளாச்சு" என்றார் சார். எனக்கு வேறு என்ன சிரிப்பு தெரியும்? பௌர்ணமி அன்று நம் வீடு கிடந்த கோலத்தை எழுதினேன்.

உனக்கு நினைவிருக்கும். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே நுழையும் அந்தச் சந்தில், இரண்டு அறையும் ஒரு கூடமும் இருந்த வீடு. கிரிவலம் வருகிறவர்களுக்கு அப்பா அதை வாடகைக்கு விடுவார். அவர் கவர்மென்ட் பஸ் கண்டக்டர். வேலூர் வண்டியில் ஆள் ஏற்றுவது மாதிரியே கூடத்திலும் ஆள் ஏற்றுவார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் காலியா கெடக்குது பாரு, அங்கயே நின்னா எப்படி?" என்பார். யாராவது கால் நீட்டிப் படுத்தால் அவருக்குப் பொறுக்காது. ஒரு ஆள் படுக்கிற இடத்தில் மூன்று பேர் உட்காரலாமே என்பார். நாமும் அம்மாவும் அடுப்படியில் கிரைண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடப்போம்.

ஒரு தடவை ஆந்திராக்காரர் ஒருவர் என் பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். மறுநாள் எனக்குப் பரீட்சை. பையை எடுத்து வருகிறேன் என்று போன நீ, பைக்குப் பதிலாக அந்த ஆளையே எழுப்பி அடுப்படிக்குக் கூட்டிவந்துவிட்டாய். அவர் பையைக் கட்டிக்கொண்டே வந்தார். அம்மா தூக்கத்தில் எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். இதை அப்படியே வைத்தேன்.

அதைவிடப் பெரியது உன் துண்டு விளையாட்டு. ஒரு பௌர்ணமிக்கு, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, வெளியூர் ஆள் மாதிரி வாசலில் வந்து நின்றாய். "சார், ஒரு ஆளுதான், கொஞ்சம் எடம் கெடைக்குமா?" என்றாய். அப்பா உன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒரு ஆளுதான, உள்ள போ" என்று முதுகில் தட்டி அனுப்பினார். நீ உள்ளே வந்து துண்டை எடுத்ததும் அம்மா அரிசி மூட்டைமேல் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது உனக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருக்கும்.

நாடகத்துக்கு "எங்க வீட்டுல எடமில்ல" என்று பெயர் வைத்தேன். கூடம் நிரம்பிய பிறகு வருகிறவர்களிடம் அப்பா சொல்கிற வார்த்தை அது. சிரிப்பு வார்த்தை. ஆனால் அது சிரிப்பு வார்த்தை மட்டும் இல்லை என்பது நம் நாலு பேருக்கும் தெரியும், இல்லையா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு பௌர்ணமி. ஆசிரமம் பக்கம் டீக்கடையில் பழக்கமான ஒரு வெள்ளைக்காரருக்கு அறை கிடைக்கவில்லை என்று நீ வீட்டுக்குக் கூட்டிவந்தாய். அப்பாவின் கட்டிலில் படுக்க வைத்தாய். மாற்றுத் துணி இல்லை என்றதும் அப்பாவின் லுங்கியையும் எடுத்துக் கொடுத்தாய். காசு வாங்கவில்லை. சாயங்காலம் டியூட்டி முடிந்து அப்பா வந்து பார்த்தால், தன் கட்டிலில், தன் லுங்கியில், ஆறடி உயரத்துக்கு ஒரு ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கூடம் நிறைய இருந்த ஜனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்பாவுக்குத் தாங்கவில்லை. உன்னைப் பார்த்து, "இந்த வீட்ல உனக்கு எடமில்ல. போடா வெளிய" என்றார். அத்தனை பேர் முன்னால் சொன்னார். போட்டிருந்த சட்டையோடு போனாய். பெங்களூர் பஸ் ஏறிவிட்டாய் என்று பிறகு தெரிந்தது.

நாலு வருஷம் நீ வரவில்லை. எனக்குப் போன் செய்வாய், அம்மாவிடம் பேசுவாய். அப்பா போனை எடுத்தால் வைத்துவிடுவாய். அவரும் ஒரு தடவைகூட உன்னைக் கூப்பிடவில்லை. அப்புறம் மஞ்சள் காமாலை என்றார்கள். கவனிக்காமல் விட்டுவிட்டாய் என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு அப்பா தனியாகப் பெங்களூர் போய், உன்னை ஒரு வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

நாடகத்தில் நான் இதை இப்படி முடிக்கவில்லை. காமெடி அல்லவா? வெள்ளைக்காரர் குறட்டை விடுகிறார், அப்பா கத்துகிறார், மகன் வெளியே போகிறான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, தலையில் துண்டோடு ஒருவன் வாசலில் வந்து நின்று, "சார், ஒரு ஆளுதான்" என்கிறான். "ஒரு ஆளுதான, உள்ள போ" என்று அப்பா முதுகில் தட்டுகிறார். துண்டு விழுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். நாடகம் முடிகிறது. ஒத்திகை பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்த இடத்தில் கை தட்டினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. எழுதும்போது நீ நிஜமாகவே உள்ளே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் நாடகம் பார்க்க வருகிறவர் இல்லை. ஆனால் போஸ்டர் ஒட்டினார்களே, அதை நான் யோசிக்கவில்லை.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா கடைக்குப் போன் செய்தாள்.

"கொடி, போஸ்டர்ல இன்னாடி போட்டிருக்கீங்க?"

"ஏம்மா?"

"உங்கப்பா டீ குடிக்கப் போனவரு அத பாத்துட்டு வந்துட்டாருடி. வந்து சட்டைய கூட கழட்டல. அப்படியே சேர்ல உக்காந்திருக்காரு. காப்பி குடுத்தா வேணாங்கறாரு. அந்த வார்த்தைய ஏண்டி செவுத்துல ஒட்டின?"

சாயங்காலம் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் விளம்பரம் பார்த்தோம்.

"என்னிக்கு?" என்றார்.

"ஞாயித்துக்கெழமப்பா. சாயங்காலம் ஆறு மணிக்கு."

"யார் யாரு வராங்க அதுல?"

"நம்ம வீடுதாம்பா. சும்மா சிரிப்புக்கு."

"நம்ம வீடுன்னா? எல்லாருமா?"

அவர் யாரைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "எல்லாரும்தாம்பா" என்றேன். அவர் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். அவ்வளவுதான். நான் எழுந்து வரும்போது அம்மா வாசல் வரை வந்து, "வந்து நாடகத்த நிறுத்திடுவாரோன்னு பயமா இருக்குதுடி" என்றாள்.

எனக்கும் அந்தப் பயம்தான். உனக்குத் தெரியுமே, சொல்லிவிட்டுச் செய்கிற ஆள் இல்லை அவர். அந்த வாரம் முழுக்க மருந்துச் சீட்டைப் படிக்கும்போதெல்லாம் எழுத்து கலங்கியது. ஒத்திகையில் சம்பத் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்தான் அப்பாவாக நடிக்கிறார்.

"நிஜ ஆளு முன்னாடி நான் விசில் ஊதணுமா? வேணும்னா கடைசி சீன எடுத்துடலாம்மா. வெள்ளக்காரரு குறட்டையோட முடிச்சுக்கலாம்."

"அப்ப எங்கண்ணனே வேணாம்ங்கறீங்களா சார்?"

சார் கடைசிக் காட்சியை மறுபடி ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். நீயாக நடித்தது தினேஷ். செல்போன் கடையில் வேலை செய்கிறவன், இருபத்து நாலு வயது, உன்னைப் பார்த்ததே கிடையாது. அவன்தான், "அக்கா, அவரு வெளிய போறப்ப திரும்பிப் பாத்தாரா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். நீ திரும்பிப் பார்த்தாயா அண்ணா?

ஞாயிற்றுக்கிழமை ஆடிக் காற்று மண்டபத்துத் தகர ஷீட்டைப் பிய்த்துப் போடுகிற மாதிரி அடித்தது. ஐந்தரை மணிக்கே ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. நான் மேடையின் பக்கவாட்டுத் திரை ஓரத்தில் வசனப் பேப்பரோடு நின்று, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டார் என்று நினைத்துக் கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பின்னால் அம்மா. கடைசி வரிசையில் உட்காருவார் என்று நினைத்தேன். நேராக நடந்து வந்து இரண்டாவது வரிசையில், நடுவில் உட்கார்ந்தார்.

சம்பத் சார் விசில் ஊதிக்கொண்டு மேடைக்கு வந்ததுமே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. "நடுவுல எடம் காலியா கெடக்குது பாரு" என்றதும் பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். நம் தெரு ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஒருவர் எட்டி அப்பா தோளைத் தட்டி, "இன்னா கண்டக்டரு, உங்க கதையா?" என்றார். அப்பா திரும்பவில்லை. "நாடகத்தப் பாரு" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்தில் அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் ரிசல்ட் சொல்லக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் மேடையைப் பார்க்கவே இல்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது வசனத்தை மறந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டேன்.

பையைக் கட்டிக்கொண்டு வரும் ஆந்திராக்காரர் காட்சியில்தான் நீ முதலில் வருகிறாய். தினேஷ் உள்ளே வந்ததும் அப்பா முன்னால் சாய்ந்தார். கண்ணைச் சுருக்கினார். தினேஷ் உன்னைவிட உயரம் கம்மி, நிறமும் வேறு. ஆனால் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஒரே ஒரு மடிப்பு மடித்துவிடுவாயே, அதை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்பா அதையே பார்த்தார். ஒரு கட்டத்தில் ஜனம் பெரிதாகச் சிரித்தபோது அவர் உதடு கோணியது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மடித்து வைத்தார்.

கடைசிக் காட்சி வந்தது. கட்டிலில் வெள்ளைக்காரர் வேஷம் போட்டவர் விட்ட குறட்டைக்கே மண்டபம் அதிர்ந்தது. சம்பத் சார் டியூட்டி முடிந்து வந்து பார்க்கிறார். மேடையில் கூட்டம் சிரிக்கிறது, கீழேயும் சிரிக்கிறார்கள். சார் கத்த வேண்டும். "இந்த வீட்ல உனக்கு எடமில்ல" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னார். ஒத்திகையில் சொன்னதில் பாதிக் குரலில்தான் சொன்னார். "போடா வெளிய."

தினேஷ் போனான். வாசல்படியில் ஒரு நொடி நின்றான், திரும்பவில்லை. போய்விட்டான்.

அப்பா முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தார்.

தினேஷ் தலையில் துண்டோடு மறுபடி வாசலுக்கு வந்தான். "சார், ஒரு ஆளுதான், கொஞ்சம் எடம்" என்று ஆரம்பித்தான். புரிந்துகொண்ட சில பேர் அதற்குள் சிரித்துக் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பா எழுந்து நின்றார்.

"அவன் வரல" என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. இதுவும் நாடகம்தான் போலிருக்கிறது என்று சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "பெரியவரே, உக்காருங்க, மறைக்குது" என்றார்.

"ஏழுமலை அன்னிக்கு திரும்பி வரல" என்றார் அப்பா, இன்னும் உரக்க. "போனவன் போனவன்தான். நான் கூப்பிடவும் இல்ல. எதுக்குப் பொய் காட்றீங்க?" பிறகு தினேஷைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நீ உள்ள வராதப்பா. வெளிய போ. அவன் வெளியதான் போனான்."

சிரிப்பு நின்றுவிட்டது. மேலே தகர ஷீட் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும். தினேஷ் துண்டுக்கு உள்ளேயிருந்து என்னைப் பார்த்தான். ஒரு கால் படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. சம்பத் சார் தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கவே இல்லை. என் கையில் வசனப் பேப்பர் இருந்தது, அதில் இதற்கான வசனம் எதுவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது தெரியுமா? இத்தனை வருஷம் உன் பேரை விழுங்கிக்கொண்டிருந்துவிட்டு, நான் உன்னை வாசல்வரை கூட்டிவந்த பிறகு மறுபடியும் வெளியே அனுப்புகிறாரே என்று.

அப்போது அம்மா பேசினாள். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, வீட்டில் பேசுகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"நாடகத்துலயாவது வரட்டுமேங்க. புள்ளைய உள்ள விடச் சொல்லுங்க."

அவர் குனிந்து அம்மாவைப் பார்த்தார். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. நான் மேடைக்கு எப்படி வந்தேன் என்றும் தெரியவில்லை, விளக்கு கண்ணில் அடித்தபோதுதான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

"அப்பா" என்றேன். "இன்னிக்கு எழுதினபடியே முடிச்சுக்கறோம்பா. அடுத்த தடவைக்கு நீங்க சொல்ற மாதிரி மாத்திடறேன்."

அவர் என்னை இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "சரி, முடிங்க" என்றார். ஆனால் உட்காரவில்லை.

தினேஷ் உள்ளே வந்தான். சம்பத் சார், "ஒரு ஆளுதான, உள்ள போ" என்றார். குரல் உடைந்துவிட்டது. துண்டு விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அப்பா கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, வரிசையில் இருந்தவர்களிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர்கள் போன பிறகுதான் ஜனம் கை தட்டியது. அந்தக் கைதட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அப்பா வாசலில் சேர் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பையன் யாரு?" என்றார்.

"தினேஷுப்பா. செல் கடைல வேல செய்யறான்."

"பயந்துட்டானா?"

"ஆமாப்பா."

பேப்பரை மடித்தார். "நான் கூப்பிட்டிருக்கணும்" என்றார். "அவன் மாத்துத் துணி கூட எடுக்காம போனான். துணி எடுக்கவாச்சும் வருவான், அப்ப பேசிக்கலாம்னு இருந்தேன். ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் எனக்கு வீம்பு. அப்புறம் எப்படி கூப்பிடறதுன்னே தெரியல. நாளு ஜாஸ்தி ஆவ ஆவ, இன்னா சொல்லி கூப்பிடறது? நீ என்னடான்னா, நான் அன்னிக்கே கூப்பிட்டுட்ட மாதிரி எழுதி வெச்சிருக்க. எல்லாரும் கை தட்றாங்க. எனக்கு கூசிப் போச்சும்மா."

அவரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது முழு உண்மை இல்லை.

அவரே சொன்னார். நான் கேட்கவே இல்லை அண்ணா. உன்னைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த அன்றைக்கு நடந்ததை, அம்மாவிடம்கூடச் சொல்லாததை, அந்த வாசலில் உட்கார்ந்து சொன்னார்.

"வண்டில டிரைவர் முன்னாடி உக்காருங்கன்னான். நான் வேணாம்னுட்டு பின்னாடி அவன்கூட உக்காந்துகினேன். இன்னா பேசறதுன்னு தெரியல. நாலு வருசம் பேசாதவன் இன்னா பேசுவான்? ஓசூர் வந்துது. வாய் தானா சொல்லுது, ஓசூர், ஓசூர்னு. சர்வீஸ் பூரா ஊர் பேரு சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சு இல்ல? அப்புறம் கிருஷ்ணகிரி. ஊத்தங்கரை. சிங்காரப்பேட்டை. வர ஊரெல்லாம் அவன்கிட்ட சொல்லிகினே வந்தேன். டிரைவர் கண்ணாடில பாத்தான், ஒண்ணும் கேக்கல. செங்கம் தாண்டினதும் மலை தெரிஞ்சுது. டேய் ஏழுமலை, நம்ம ஊரு வந்துட்டுதுடா, எறங்கணும், எழுந்திருன்னேன்."

மடித்த பேப்பரை மடியில் வைத்தார்.

"அவ்ளோதாம்மா நான் அவனைக் கூப்பிட்டது."

சந்தில் ஒரு ஆட்டோ போனது. அது தெருமுனையைத் திரும்பும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. அவர் அதையெல்லாம் அந்த வண்டியிலேயே முடித்துவிட்டார் போலிருக்கிறது. உனக்கு அந்தக் குரல் கேட்டதா அண்ணா? ஊர் பெயர்களாவது கேட்டதா?

"இத எழுதட்டுமாப்பா?" என்றேன்.

"நாடகத்துல வெக்காத. கண்டக்டர் ஊர் பேர் சொன்னா ஜனங்க சிரிச்சிடுவாங்க. அவங்களுக்கு அப்படித்தான் பழக்கம். வேற எங்கயாவது எழுதிக்கோ." அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர் அனுமதி கொடுத்துதான் எழுதுகிறேன்.

அப்போது உள்ளேயிருந்து அம்மா வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனால் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"அப்ப அடுத்த தடவை அவன வெளியதான் அனுப்பப் போறீங்களா, அப்பாவும் பொண்ணும்?" என்றாள்.

"நடந்தது அதுதான?" என்றார் அப்பா.

"நடந்தது எனக்கும் தெரியும். நானும் அங்கதான் இருந்தேன்." குரல் ஏறியது. அம்மா அவரிடம் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "அன்னிக்கு காலைலருந்து அவன் சாப்பிடல. வந்தவங்களுக்கு தண்ணி எடுக்க, பாய் போடன்னு ஓடிகினே இருந்தான். சோத்த வடிச்சு, கத்திரிக்கா காரக்கொழம்பு வெச்சு, வாடா சாப்பிடலாம்னு கூப்பிடப் போனேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. பசியோட போனான் என் புள்ள. அந்தக் கொழம்ப நான் மறுநாள் கீழ ஊத்தினேன்."

அப்பா தலை குனிந்துகொண்டார்.

"வெளிய அனுப்புங்க. நான் வேணாம்னு சொல்லல" என்றாள் அம்மா, இப்போது என்னைப் பார்த்து. "ஆனா சாப்பிட்டுட்டு போறாப்புல எழுதுடி. இந்த ஒண்ண எனக்காக செய்."

"அது நடக்கலையேம்மா" என்றேன்.

"நடக்கலன்னுதான கேக்கறேன்."

அப்பா மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். பொய் வேண்டாம் என்று முந்தின நாள் ஜனங்கள் முன்னால் எழுந்து நின்றவர் அல்லவா? அவர் மடித்த பேப்பரை மறுபடி பிரித்தார். படிக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதும்மா" என்றார்.

புரட்டாசியில் போளூரில் மறுபடி போடுகிறோம். இந்த வாரம் ஒத்திகைக்கு அப்பாவும் வந்தார். மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சம்பத் சாரிடம், டிக்கெட் கிழிக்கும்போது கட்டை விரலை எப்படி வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். தினேஷ் வணக்கம் சொன்னபோது, அவன் தோளில் கை வைத்து, "என் பையன் இன்னும் கொஞ்சம் வேகமா நடப்பான்" என்றார். என் பையன் என்றார் அண்ணா. அம்மாவிடம் வந்து சொன்னேன். அன்று மாலை அவள் பீரோவைத் திறந்தபோது அப்பா வீட்டில்தான் இருந்தார். கதவைச் சாத்தாமல்தான் உன் போட்டோவைப் பார்த்தாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கத்தான் இத்தனையும் எழுதினேன். போளூரில் நீ திரும்பி வரமாட்டாய், துண்டும் கிடையாது. நீ எப்படிப் போனாயோ அப்படியே போவாய், அப்பா கூப்பிடமாட்டார். அது அவர் கேட்டது. ஆனால் அதற்கு முன்னால் நீ சாப்பிடுவாய். நாடகத்தன்று காலையில் அம்மாவே சோறு வடித்து, கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்து, தூக்குச் சட்டியில் போட்டுப் போளூருக்குக் கொடுத்தனுப்புவாள். மேடையில் தட்டு வைத்து, சூடு பண்ணிப் போடச் சொல்லியிருக்கிறேன். வசனம் எதுவும் இல்லை. அவசரப்படாதே, இன்னொரு கை சோறு வாங்கிக்கொள் என்று தினேஷிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கீழே ஜனம் இருமட்டும், செல்போனைப் பார்க்கட்டும், எழுந்துகூடப் போகட்டும். நீ வயிறு நிறையச் சாப்பிட்டு, கை கழுவி, எழுந்திருக்கும்வரை யாரையும் வாசலுக்குள் வரவிட மாட்டேன்.

உனக்குப் பின்னால் பிறந்த, இப்போது உன்னைவிட மூத்தவளாகிவிட்ட உன் தங்கச்சி,
பூங்கொடி
திருவண்ணாமலை